பன்னிரண்டாம் எண்ணின் ரத்தம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

பெட்டி வந்து சேர்ந்திருக்கும். உள்ளே பச்சை மூடி போட்ட நான்கு குழாய்கள் இருக்கின்றன. உங்கள் தெருமுனை கிளினிக்கில் நர்ஸிடம் கொடுத்தால் ரத்தம் எடுத்துத் தந்துவிடுவார். எடுத்ததும் ஒவ்வொரு குழாயையும் மெதுவாக எட்டுத் தடவை கவிழ்த்து நிமிர்த்தச் சொல். குலுக்க வேண்டாம். ஐஸ் வைக்கவே வேண்டாம், குளிர்ந்தால் செல்கள் மயங்கிவிடும். அன்றே கூரியரில் போட்டால் மறுநாள் காலை என் மேசைக்கு வந்துவிடும்.

குழாயில் உன் பெயரை எழுதாதே. 12 என்று மட்டும் எழுது. உனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் அம்மா அனுப்பிய படிவத்தின் வழியாகத்தான் நீ எங்கள் மூட்டுவாத ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறாய், பன்னிரண்டாவது நோயாளியாக. நீ என் அக்கா என்பது எங்கள் தலைவருக்குத் தெரியாது. தெரிந்தால் சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்று உன்னை எடுத்துவிடுவார்.

நான் என்ன தேடுகிறேன் என்று கேட்டிருந்தாய். பாக்டீரியாவுக்குச் சூடு, பட்டினி என்று எந்தத் தொல்லை வந்தாலும் அது அவசர அவசரமாக ஒரு புரதத்தைத் தயாரிக்கும். குலைந்துபோகிற மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை. நெருக்கடிப் புரதம் என்போம். அதே ஜாடையில் நம் உடம்பிலும் ஒன்று இருக்கிறது, வீங்கிய மூட்டில் நிறையவே. நம் நோய் எதிர்ப்புச் செல்களில் சில, பாக்டீரியாவின் புரதத்தைப் பார்த்துப் பழகிவிட்டு, அதே ஜாடை என்பதால் நம்முடையதையும் அடையாளம் கண்டுகொள்கின்றன. அப்படிக் கண்டுகொண்டபின் என்ன செய்கின்றன என்பதுதான் கேள்வி. சிலரிடம் மூட்டை அடிக்கின்றன. சிலரிடம் மற்ற செல்களை அடக்கி உட்கார வைக்கின்றன. நீ எந்த வகை என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் பேசினால் மூன்று பேர் கேட்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். என் பக்கமும் செல் வளர்க்கும் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. நாள் முழுக்க அங்கேதான் இருக்கிறேன். அதனால் பெட்டிக்குள்ளேயே கடிதம் வைக்கிறேன். நீயும் வை.

தங்கை

பிப்ரவரி 7

அடியே பொடிசு,

நான்கு குழாயா? இரண்டாவதிலேயே நர்ஸ் பெண் "இன்னும் எத்தனைக்கா?" என்று கேட்டுவிட்டாள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தி, நான்காவது குழாயைப் புறங்கையில் எடுத்தாள். கை கருநீலமாகக் கிடக்கிறது. சின்ன வயதில் என் ரத்தத்தைப் பாதி குடித்தது போதாதென்று மிச்சத்தைக் கூரியரில் வரவழைக்கிறாய்.

நிலவரம் சொல்கிறேன். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. பல் தேய்க்கப் பிரஷ்ஷை இவர்தான் கையில் செருகுகிறார். பிறகு வெந்நீரில் கையை வைத்து வைத்து, பத்து மணிக்கு வேலைக்குப் போகும்போது மனுஷி ஆகிவிடுவேன். செயற்கைப் பல் செய்கிற எங்கள் லேபில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. மெழுகில் கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளத்தைச் செதுக்க இங்கே என்னை விட்டால் ஆள் இல்லை என்று முதலாளி ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறார். அந்தப் பெருமையைக் கெடுப்பானேன்.

டாக்டர் அம்மா போன வாரம் தீர்த்துச் சொல்லிவிட்டார். லேசான மாத்திரைகள் இரண்டையும் பார்த்தாயிற்று, ஒன்று கேட்கவில்லை, ஒன்று வயிற்றைப் புரட்டிவிட்டது. இனிமேல் பெரிய மருந்துதானாம். அதை ஆரம்பித்தால் குழந்தை என்ற பேச்சே கூடாது. குறைந்தது இரண்டு வருஷம். "கையா குழந்தையான்னு நான் கேக்கலம்மா. ரெண்டையும் ஒண்ணா குடுக்க எங்கிட்ட மருந்து இல்லன்னு சொல்றேன்" என்றார். எனக்கு முப்பத்தெட்டு நடக்கிறது. இரண்டு வருஷம் கழித்து என்ன இருக்கும் என்று உனக்கே தெரியும், நீதான் படித்தவள்.

இவரோ மருந்தைப் போடு என்று பிடிவாதமாக நிற்கிறார். ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ரிப்பேர் செய்கிறவர், என்னை மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடிவைத்திருக்கிறார். நான் படி ஏறும்போது பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. மாமியார் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கிறேன் பார் என்பதை நமக்குத் தெரியும்படி செய்வார்.

நான் எந்த வகை என்று பார்த்துச் சொல்லு. அடிக்கிற வகை என்றால் மருந்து. அடக்குகிற வகை என்றால் கொஞ்ச நாள் கிடைக்கும்.

அக்கா

பிப்ரவரி 28

அன்புள்ள அக்கா,

இதை நான் உனக்குச் சொல்லவே கூடாது. சோதனையில் சேர்ந்தவர்களுக்குத் தனித்தனியாக முடிவைச் சொல்லக் கூடாது என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

உன் செல்கள் அடக்குகிற பக்கம் சாய்கின்றன. லேசாகத்தான். பாக்டீரியாவின் நெருக்கடிப் புரதத்தைக் கொடுத்தபோது, வீக்கத்தைக் கிளப்புகிற சமிக்ஞையைவிட அடக்குகிற சமிக்ஞை கொஞ்சம் கூடுதலாக வந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு நோய் தானாகவே தணிய வாய்ப்பு உண்டு என்று நாங்கள் நினைக்கிறோம். நினைக்கிறோம், அவ்வளவுதான். ஒரு தடவை பார்த்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதே. ஆனாலும் நீ ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பதில் தப்பில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய மருந்து போட்டுவிட்டால் செல்களின் இயல்பும் தெரியாமல் போய்விடும்.

இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அனுப்பு. மூன்று குழாய் போதும். உன் புறங்கையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருக்கிற ரத்தத்தில் நான் சமாளித்துக்கொள்கிறேன்.

தங்கை

மார்ச் 4

பொடிசு,

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நான்கு தடவை படித்தேன். இந்த வீட்டில் தனியாக இருக்க அந்த ஒரு இடம்தான் உண்டு.

டாக்டர் அம்மாவிடம் போய் ஒரு மாதம் வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்றார். வீட்டில் ஒரு விசேஷம் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். நம்பவில்லை, விட்டுவிட்டார். இவரிடம் மட்டும் உன் கடிதத்தின் நடுப்பகுதியைப் படித்துக் காட்டினேன். அன்புள்ள அக்காவையும், சொல்லக் கூடாது என்பதையும், லேசாகத்தான் என்பதையும் விட்டுவிட்டேன். நீ அனுப்பிய ஆராய்ச்சிக்கூட அறிக்கை என்று சொன்னேன். இவர், "உன் தங்கச்சி படிச்சவ, அவ சொன்னா சரிதான். ஆனா ஒரு மாசம்தான்" என்றார்.

இரண்டு வருஷத்தில் முதல் முறையாக எனக்குள் ஏதோ ஒன்று என் பக்கம் இருக்கிறது என்று தோன்றுகிறது. நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். மூன்று குழாய்களும் இதோ, சொன்னபடி எட்டுத் தடவை கவிழ்த்தாயிற்று.

அக்கா

ஏப்ரல் 16

அன்புள்ள அக்கா,

நல்ல செய்தி. மார்ச்சிலிருந்து வந்த மூன்று பெட்டியிலும் அடக்குகிற சமிக்ஞை எகிறி நிற்கிறது. முதல் தடவையைவிட ஐந்து மடங்கு. எண்ணைப் பார்த்தபோது சோதனைத் தட்டைத் தப்பாக வைத்துவிட்டேனோ என்று மறுபடி செய்தேன். அதே எண்.

பழைய புரதக் கரைசல் பிப்ரவரியோடு தீர்ந்துவிட்டது. பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, வடிகட்டிப் புதிதாக எடுக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. எங்கள் கூடத்தில் யாரும் எடுக்காத அளவுக்கு எடுத்தேன் என்று தலைவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். மற்ற பதினொரு பேரிடமும் இப்படி ஒரு ஏற்றம் இல்லை. "பன்னிரண்டாம் நம்பர் தனி ரகம்மா. அவங்கள விட்டுடாத" என்கிறார். உன்னைப் பற்றி என்னிடமே சொல்கிறார், எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அடுத்த மாதம் வெளியிலிருந்து நிபுணர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் காட்டப் போவது உன் படத்தைத்தான், சட்டென்று எகிறி நிற்கிற ஒரு கோடு.

இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. காற்றை வடிகட்டுகிற இயந்திரம் எப்போதும் இரைந்துகொண்டிருக்கும். வெளியே மழை பெய்ததா என்று ஆட்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். உன் செல்கள் தட்டில் இருக்கும்வரை வீட்டுக்குப் போக மனம் வருவதில்லை.

இன்னும் கொஞ்சம் பொறு. கை எப்படி இருக்கிறது?

தங்கை

மே 9

பொடிசு,

கை எப்படி இருக்கிறது என்று கேட்டாய். சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஒரு மேல் முன்பல். மெழுகுக் கத்தியைச் சூடுகாட்டி ஓரத்தை வழிக்கிற வேளையில் விரல் பிடியை விட்டுவிட்டது. கத்தி மெழுகைப் பிளந்து என் இடது கட்டைவிரலிலும் இறங்கியது. முதலாளி ஓடி வந்து கட்டுப் போட்டார். கட்டுப் போடும்போது வீங்கிய என் விரல் முட்டிகளைப் பார்த்தார். சாயங்காலம் வந்து, "கொஞ்ச நாள் பார்சல் பக்கம் பாருங்கம்மா" என்றார். இப்போது யாரோ செதுக்கின பல்லை டப்பாவில் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். டேப்பைக் கிழிக்கக் கூடப் பல்லைத்தான் பயன்படுத்துகிறேன், என் சொந்தப் பல்லை.

மாடிப்படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க முடிவதில்லை. அதனால் வேலை விட்டு வந்தால் வந்ததுதான், மறுநாள்வரை கீழே இறங்க மாட்டேன். இவரோடு தினமும் சண்டை. ஒரு மாதம் என்றது இரண்டு மாதம் தாண்டிவிட்டது. உன் ஐந்து மடங்கை நான் கவசமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். என் செல்கள் ஐந்து மடங்கு அடக்குகின்றன என்றால் மூட்டு ஏன் அடங்கவில்லை? அடங்க எத்தனை நாள் ஆகும்? வாரமா, மாதமா? உன் ஆராய்ச்சிப் பாஷை வேண்டாம். ஒரு எண்ணைச் சொல். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

அக்கா

மே 15

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. கட்டைவிரல் காயம் ஆறிவிட்டதா?

இந்த முறை ரத்தம் வேண்டாம். குழாய் அனுப்பவில்லை. இங்கே சில சோதனைகளைத் திரும்பச் செய்கிறேன்.

நீ கேட்டதற்கு யோசித்துப் பதில் எழுதுகிறேன். நிபுணர்கள் வருகிற வாரம் இது. நேரமே இல்லை.

டாக்டர் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு வாயேன். சும்மா பார்த்துவிட்டு வா.

தங்கை

மே 29

ஏன்டீ,

பத்து வாக்கியம். எண்ணிவிட்டேன். எப்போதும் மூன்று பக்கம் எழுதுகிறவள் நீ. சின்ன வயதில் இருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது. வாக்கியம் குட்டையாகிவிடும், அப்புறம் பேச்சை மாற்றுவாய்.

டாக்டரைச் சும்மா பார்த்துவிட்டு வா என்கிறாய். யாராவது மூன்று மாடி இறங்கி இரண்டு பஸ் மாறி டாக்டரைச் சும்மா பார்க்கப் போவார்களா?

இவரிடம் என்ன சொல்வேன்? போன வாரம் என் முகத்துக்கு நேராக, "உன் தங்கச்சி வந்து உன் தலையைக் கட்டி விடுவாளா? உன் ஜாக்கெட் ஹூக்கைப் போடுவாளா? நான்தான் போடறேன். எனக்குச் சொல்ல உரிமை இல்லையா?" என்று கேட்டார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மாமியார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நான் அப்போதும் உன் பக்கம்தான் பேசினேன்.

எனக்கு உள்ளபடி எழுது. நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும். நீ மறைக்கிற ஒவ்வொரு நாளும் என் கையில்தான் கழிகிறது.

அக்கா

ஜூன் 8

அக்கா,

மருந்தை ஆரம்பி. இதற்கு மேல் படிப்பதற்கு முன்னால் டாக்டர் அம்மாவுக்குப் போன் செய். இந்தக் கடிதத்தை மாமா கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாலும் சரி.

உன் செல்கள் ஐந்து மடங்கு அடக்கவில்லை. அந்த எண் பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, ஆனால் பொய்தான்.

உன் மே 9 கடிதத்தில் நீ கேட்டாயே, ஐந்து மடங்கு என்றால் மூட்டு ஏன் அடங்கவில்லை என்று. எங்கள் கூடத்தில் எட்டுப் பேர் அந்தக் கோட்டைப் பார்த்தோம். ஒருவருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. மறுநாளே என் கையிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தேன். எனக்கு மூட்டு வலி கிடையாது, ஒரு வியாதியும் கிடையாது. எனக்கும் அதே ஐந்து மடங்கு வந்தது. நாம் அக்கா தங்கை, ஒரே ரத்தம், அதனால்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரருக்கும் நமக்கும் எந்த உறவும் இல்லை. அவரிடம் கெஞ்சி எடுத்தேன். அவருக்கும் ஐந்து மடங்கு.

நாங்கள் காலிக் கரைசல் என்று ஒன்று வைத்திருப்போம். நெருக்கடிப் புரதத்தைத் தயாரிக்கத் தெரியாத பாக்டீரியாவை, அதே மாதிரி வளர்த்து, உடைத்து, வடிகட்டி எடுப்பது. அதில் புரதம் இருக்காது. கூட ஒட்டிக்கொண்டு வருகிற அழுக்கு மட்டும் இருக்கும். செல்கள் அதற்குப் பேசாமல் இருந்தால்தான், மற்றதில் பேசியது புரதத்தைப் பார்த்து என்று நம்பலாம். ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டிய சோதனை அது. பிப்ரவரியில் பார்த்தேன், பேசாமல்தான் இருந்தன. மார்ச்சிலிருந்து பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்றால், நான்காவது குழாய் அதற்குத்தான். உன் கையை நினைத்து ஒரு குழாயைக் குறைத்தேன். எதை விடலாம் என்று யோசித்தபோது, போன முறை ஒன்றும் காட்டாததைத்தானே விட வேண்டும் என்று அதை விட்டேன். முகம் தெரியாத நோயாளியாக இருந்தால் நான்கு குழாயும் கேட்டிருப்பேன். அதே மாதத்தில் புதுக் கரைசலும் தயாரித்தேன். அவ்வளவு நிறைய எடுத்தேன் என்று பாராட்டினார்களே, அவசரத்தில் பாக்டீரியாவின் தோல் அழுக்கைச் சரியாகக் கழுவாமல் எடுத்திருக்கிறேன். அந்த அழுக்கு பட்டால் யாருடைய ரத்தமும் அந்தச் சமிக்ஞையை விடும். மற்ற பதினொரு பேரையும் பழைய கரைசலில்தான் பார்த்திருந்தேன், அதனால்தான் நீ மட்டும் தனி ரகமாகத் தெரிந்தாய். புதுக் கரைசலோடு அதேபோல் எடுத்து வைத்திருந்த காலிக் கரைசலை மே 11 அன்று போட்டுப் பார்த்தேன். ஐந்து மடங்கு. உள்ளே புரதமே இல்லை, அக்கா.

பிப்ரவரியில் லேசாகத் தெரிந்ததே, அது உண்மையா என்றால், தெரியாது. ஒரே ஒரு முறை பார்த்தது. அதை வைத்து உன்னைப் பொறுக்கச் சொல்லவே எனக்கு உரிமை இருக்கவில்லை.

அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். முதலில் தலைவரிடம் போனேன். "விசிட் முடியட்டும்மா, அப்புறம் பார்க்கலாம். இப்ப எதையும் கிளறாத" என்றார். நிபுணர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் உன் கோட்டைச் சுட்டிக்காட்டிப் பேசினார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு எழுதினால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்பாய் என்று பயம். தள்ளத் தள்ளப் பயம் பெருத்துக்கொண்டே போனது. இருபத்தெட்டு நாள், அக்கா. உன் கையில்தான் கழிகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகும் பத்து நாள் ஓட்டினேன். கேவலமாக இருக்கிறது.

இன்று காலை நிபுணர் குழுவுக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் எண் யார் என்பதையும் எழுதினேன். மதியத்துக்குள் செல் வளர்க்கும் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இனி இங்கே எனக்கு வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அதைப் பற்றி நீ கவலைப்படாதே. பட மாட்டாய் என்று தெரியும், படவும் கூடாது.

மன்னித்துவிடு என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

தங்கை

ஜூலை 1

பொடிசு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். உன் மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. குழாயைக் குறைத்ததற்கு இல்லை, நான்தான் புறங்கையைக் காட்டிப் புலம்பினேன். அந்த இருபத்தெட்டு நாளுக்குத்தான். அது சீக்கிரத்தில் ஆறாது, ஆற வேண்டும் என்று நீ அவசரப்படாதே. எழுத வேண்டாம், நேரில் வந்து என் முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொள்.

ஆனால் எல்லாப் பழியையும் நீயே தூக்கிக்கொண்டு போகாதே. எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதை நான் உனக்கு எழுதவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில், உன் ஐந்து மடங்கு வருவதற்கு முன்னாலேயே, டாக்டர் அம்மா கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்தார். வலது கையில் இரண்டு விரல் முட்டியில் எலும்பை அரிக்க ஆரம்பித்திருந்தது. விளக்கில் பிடித்துக் காட்டினார். எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஓரத்தில் ஒரு சின்னக் கடி. "இது திரும்ப வளராதும்மா" என்றார். நான் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு வந்து பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அன்றே சந்தேகப்பட்டிருப்பாய், அன்றே மருந்தை ஆரம்பி என்று எழுதியிருப்பாய். அது தெரிந்துதான் சொல்லாமல் இருந்தேன்.

எனக்கு உன் செல்லும் புரதமும் புரிந்ததே இல்லை. புரிந்ததாக உனக்கு எழுதினேன். எனக்கு வேண்டியிருந்தது இன்னும் ஒரு மாதம், அப்புறம் இன்னும் ஒரு மாதம். படித்த ஒருத்தி பொறு என்று எழுதினால், அதைப் பிடித்துக்கொண்டு பொறுக்கலாம் இல்லையா? ஒவ்வொரு மாதமும் நாள் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு மாதமும் இவர் முகத்தைப் பார்க்காமல் இல்லை என்று தலையசைத்தேன். நீ ஏமாற்றினாய் என்று சொன்னால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தவள் நான்.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எக்ஸ்ரேயையும் எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "ரொம்ப வலிச்சிருக்குமே" என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

போன மாதம் பதினாறாம் தேதி டாக்டர் அம்மாவிடம் போனோம். வலது கையில் போனது போனதுதான், மற்ற விரல்களைக் காப்பாற்றலாம் என்றார். மெழுகுக் கத்தியை இடது கையில் பிடித்துப் பழகலாம் என்று நான் சொன்னதற்குத் தலையை ஆட்டினார், ஆமா இல்லையா என்று புரியாத ஆட்டல். மருந்துச் சீட்டை எழுதிவிட்டுக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை கட்டாயமாம். வயிற்றில் ஏதாவது இருந்தால் இந்த மருந்தைத் தொடவே கூடாதாம். கடைசியாக எப்போது என்று கேட்டார். நாள் நான்கு தள்ளிப்போயிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு நானே கூடச் சத்தமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இவர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டர் அம்மா சீட்டை மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, "நாளைக்குக் காலைல முதல் சிறுநீர்ல பாருங்க. பார்த்துட்டுப் போன் பண்ணுங்க" என்றார்.

வீடு திரும்பினோம். படி ஏறும்போது அவர் பின்னால் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அன்று எனக்கு எரிச்சல் வரவில்லை.

மறுநாள் காலை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். சோதனை அட்டையின் உறையைக் கிழிக்க விரல் வராமல் வாயால் கிழித்தேன். மூன்று நிமிஷம் என்று போட்டிருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். வெளியே இவருடைய நிழல் கதவடியில் தெரிந்தது. மாமியார் டிவியை அணைத்திருந்தார். அந்த வீட்டில் டிவி ஓடாத காலையை நான் பார்த்ததில்லை.

ஒரு கோடு. இன்னொன்று வருமா என்று பத்து நிமிஷம் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன், விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுதான்.

"என்ன?" என்று வெளியிலிருந்து கேட்டார்.

"மாத்திரை போடலாம்" என்றேன்.

அப்புறம் தாழ்ப்பாளைத் திறக்கப் போனேன். காலை நேரம் இல்லையா, விரல் மடங்கவில்லை. முழங்கையால் இடித்துப் பார்த்தேன், நகரவில்லை. அவர் திற என்றும் சொல்லவில்லை, என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம், என் கை இளகுகிறவரை.

அக்கா